கைநாட்டுப் பிஸ்கட்

போன வெள்ளிக்கிழமை பின்னேரம், பம்பலப்பிட்டியில் எங்கள் அலுவலகத்தில், நிரோஷாவுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டவில்லை. "கேக் எல்லாம் பழசு, இது ஹெல்த்தி" என்று சொல்லி, என் மேசைக்குப் பக்கத்து மேசையில் ஒரு பழுப்பு நிற அட்டைப் பெட்டியை வைத்துத் திறந்தாள். ஏசிக் குளிருக்குள் ஒரு வாசனை எழும்பியது. முதலில் கறுவாவும் கராம்பும். அவை எந்தக் கேக்கிலும் இருக்கும். கொஞ்சம் பிந்திப் பெருஞ்சீரகம் வந்தது. ஒன்றை எடுத்துக் கடித்த பிறகு, தொண்டையை மெல்லக் கீறிக்கொண்டு மிளகு.

நீங்களே சொல்லுங்கள், பிஸ்கட்டில் யாராவது மிளகு போடுவார்களா? பெருஞ்சீரகத்தை இறைச்சிக்கறிக்கு வைத்துக்கொள்வோம். இந்த இரண்டையும் பூசணிக்காயோடும் ஆட்டா மாவோடும் சேர்த்துப் பிஸ்கட் செய்த ஒரே ஒரு மனுஷியைத்தான் எனக்குத் தெரியும். அன்று அந்த நேரம் அவர் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருந்திருப்பார்.

"என்ன, உறைக்குதா? அதுதான் அவங்கட ஸ்பெஷல்" என்றாள் நிரோஷா.

"இது எங்கம்மாட பிஸ்கட்."

"அம்மா பேக்கரி வச்சிருந்தவங்களா?"

"இல்ல. வீட்டு வேலைக்குப் போனவங்க."

நான் பிஸ்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு பள்ளம். பெட்டி மூடியில் ஒரு பெருவிரல் அடையாளம், சுழி சுழியாக, அழகாக அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் மூன்று வரி: எங்கள் குடும்பத்தின் பரம்பரைச் செய்முறை, ஒவ்வொன்றும் விரலால் அழுத்தியது, இதுவே எங்கள் கையொப்பம். முகவரி வெள்ளவத்தை, கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கை. அந்த ஒழுங்கை எனக்குத் தெரியும். அம்மா ஆறு வருடம் ஏறி இறங்கிய ஒழுங்கை.

நிரோஷா நல்ல பிள்ளை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நடுவுல விரலால அமத்துற பிஸ்கட் உலகம் பூரா இருக்கே" என்று ஆறுதல் சொன்னாள். உண்மைதான். விரல் உலகம் பூரா இருக்கிறது. மிளகு இல்லை. அந்த மிளகு உலகத்தில் வேறு யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பிழை. என் பிழை.

அதைச் சொல்வதென்றால் அப்பாவின் சீனி வருத்தத்தில் இருந்து தொடங்க வேண்டும். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். காலையில் ஒரு பிளேன்டீ, பின்னேரம் ஒரு பிளேன்டீ, இரண்டுக்கும் பிஸ்கட் தோய்க்க வேண்டும். அவருடைய வாழ்க்கையின் ஆடம்பரம் அவ்வளவுதான். ஒருநாள் கிளினிக்கில், பாண், வெள்ளை மா, பிஸ்கட் எல்லாம் நிறுத்து, ஆட்டா மா சாப்பிடு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் அப்பா வெறும் பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். குடிக்கவில்லை.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். அதனால் ஆங்கிலத்தில் எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும்: மருந்துப் பெட்டி, மின்சாரப் பில், தெருவில் யாரோ கொடுத்த துண்டுப் பிரசுரம், எல்லாம். தெரியாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் வீட்டின் கூரையே இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெரிய மனிதத் தோரணையோடு நெட் கஃபேக்குப் போய், சீனி வருத்தக்காரருக்கு ஏற்ற பிஸ்கட் என்று தேடி, பூசணிக்காயும் ஆட்டா மாவும் போட்டுச் செய்யும் ஒரு செய்முறையை அச்செடுத்துக்கொண்டு வந்தேன். அம்மா எதிரே உட்கார்ந்தார். நான் மொழிபெயர்த்தேன்.

பூசணிக்காய் வந்தது. "பறங்கிக்காயா? பிஸ்கட்லயா?" என்று அம்மா சிரித்தார். சந்தையில் அதை வட்டக்கா என்று கேட்டு வாங்குவோம், வீட்டுக்குள் வந்ததும் அது பறங்கிக்காய் ஆகிவிடும். அப்பச்சோடா வந்தது. வெண்ணெய்க்கு மாஜரின், சீனிக்குக் கொஞ்சம் கித்துல் கருப்பட்டி. கருப்பட்டியால் சீனி ஏறாது என்பது எங்கள் தெருவின் மருத்துவம். பிறகு ஒரு சொல் வந்தது: ஓல்ஸ்பைஸ், ஒரு தேக்கரண்டி.

அது ஒரே ஒரு காய்ந்த பழத்தின் பெயர் என்று பல வருடத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று நான் சொல்லை இரண்டாக முறித்தேன். ஓல் என்றால் எல்லாம். ஸ்பைஸ் என்றால் சரக்கு.

"எல்லாச் சரக்கும் ஒரு தேக்கரண்டி, அம்மா."

"எல்லாம்னா, எல்லாமுமாடா?"

"இங்கிலீஷ்ல அப்பிடித்தான் போட்டிருக்கு."

அம்மா சரக்கு டின்களைப் பார்த்தார். "மல்லியுமா? மஞ்சளுமா?"

நான் தாளை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தேன். "அது ரெண்டும் வேணாம்" என்று தீர்ப்புச் சொன்னேன். எந்த அதிகாரத்தில் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கறுவா, கராம்பு, ஏலம், சாதிக்காய், மிளகு, பெருஞ்சீரகம் என்று ஆறையும் அம்மா வறுத்து இடித்தார். பறங்கிக்காயை அவித்து மசித்து, துணியில் முடிந்து, தண்ணீர் சொட்டி முடியும்வரை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். அது தாளில் இல்லை. அவராகச் செய்தது.

அப்பா முதல் பிஸ்கட்டைத் தோய்த்து வாயில் போட்டுவிட்டு யோசித்தார். "கஷாயம் மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "இன்னொன்னு தா" என்றார்.

சுடும் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எங்களிடம் மின்சார அவன் இல்லை, அந்தத் தெருவில் யாரிடமும் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி. அங்கே செங்கல் கட்டி விறகு எரிக்கும் போறணை. மதியப் பாண் வேலை முடிந்ததும் சூடு மிச்சமிருக்கும். அந்த மிச்சச் சூட்டுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் தட்டுகளைக் கொண்டுபோவார்கள். டிசம்பரில் நத்தார் வந்தால் பேக்கரி வாசலில் இருந்து சந்திவரை வரிசை நிற்கும். போறணையைப் பார்த்தவர் கரீம் நானா. ஒரு கடதாசித் துண்டை உள்ளே போட்டு, அது பழுப்பாகும் வேகத்தைப் பார்த்துச் சூட்டைச் சொல்லுவார்.

அங்கே ஒரு வழக்கம். எல்லார் தட்டும் ஒன்றாய் உள்ளே போவதால், அவரவர் தட்டில் ஒரு மூலையில் அடையாளம் வைக்க வேண்டும். பெண்கள் மாவைத் திரித்துத் தங்கள் முதல் எழுத்தை ஒட்டிவிடுவார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ஓரத்துப் பிஸ்கட்டில் பெருவிரலை அமுக்கினார். பிஸ்கட்டுகளைக் கூடையில் கொட்டும்போது கலந்துபோகிறது என்று, பிறகு எல்லாவற்றிலுமே அமுக்கத் தொடங்கினார். நானா தட்டுகளை இழுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் கத்துவார்: "எஸ் யாரு? டபிள்யூ யாரு புள்ள? கைநாட்டு! கைநாட்டுத் தட்டு யாருட?"

வரிசை முழுக்கச் சிரிக்கும். அம்மாவும் சிரித்துக்கொண்டே போய் வாங்குவார். "இது என்ன தங்கச்சி, பிஸ்கட்டா மருந்தா? மணம் ஊருக்கே ஈக்குது" என்பார் நானா. அம்மா ஒன்றை எடுத்து அவர் கையில் வைப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரிசையில் நிற்கும் பெண்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் என்னோடு படித்தவர்கள். ஆங்கில வகுப்புக்குப் போகிறவனுடைய அம்மா கைநாட்டு. ஒருநாள் அம்மாவை உட்காரவைத்து அவர் பெயரின் முதல் எழுத்தை மாவால் செய்யப் பழக்கினேன். கஷ்டப்பட்டுச் செய்தார். போறணைக்குள் அந்த எழுத்து ஊதிப் பெருத்து ஒரு தவளை மாதிரி வெளியே வந்தது. "எழுத்து ஊதுதுடா. விரல் ஊதாது" என்று அம்மா மறுபடி விரலுக்கே போய்விட்டார். அதற்குப் பிறகு நான் தட்டுத் தூக்கிக்கொண்டு சந்திவரைதான் போவேன். பேக்கரி வாசலுக்குப் போக மாட்டேன். அம்மா தட்டை என்னிடம் இருந்து வாங்கிக்கொண்டு தனியாகப் போவார்.

அந்தக் காலத்தில் அம்மா வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமைத்தார். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் மேடம் என்போம். (இவ்வளவு கோபத்திலும் மேடம் 'சொன்னாள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதுவும் அம்மா பழக்கிய பழக்கம்.) மேடத்தின் கணவருக்கும் சீனி வருத்தம். அம்மா பாவம் பார்த்து ஒரு டின் நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிடித்துவிட்டது. பிறகு அங்கேயே, அவர்களுடைய மின்சார அவனில், கிழமைக்கு ஒரு தரம் செய்தார். மேடத்தின் சிநேகிதிகள் வரும்போதும் செய்தார்.

ஒருநாள் அம்மா வீட்டுக்கு வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. பையைக்கூட வைக்காமல் சொன்னார்: "இன்னைக்கு நான் சொல்லச் சொல்ல மேடம் கொப்பில எழுதினாங்கடா. 'கொஞ்சம் பொறும், மெதுவாச் சொல்லும்'னு என்னைய நிப்பாட்டி நிப்பாட்டி எழுதினாங்க."

இதை நீங்கள் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். அம்மா வாழ்க்கை முழுக்க மற்றவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்து நின்றவர். கிராம சேவகர் எழுத, ஆஸ்பத்திரியில் எழுத, பள்ளிக்கூடத்தில் என் பெயரை எழுத. அன்றைக்குத்தான் ஒருவர் பேனையைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் வாயைப் பார்த்துக் காத்திருந்திருக்கிறார். அம்மா அன்று இரண்டு தரம் அந்தக் கதையைச் சொன்னார். நானும் பெருமைப்பட்டேன். ஆமாம், நானும்தான். அதை நினைக்கும்போதுதான் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பிறகு முழங்கால் போனது. அம்மா வேலையில் இருந்து நின்றுவிட்டார். மேடம் ஒரு சேலை கொடுத்து அனுப்பினார். அப்பாவும் போய்விட்டார். பிஸ்கட் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை காலை வெள்ளவத்தைக்குப் போனேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தேன். ஆங்கிலத்தில் கேட்டால்தான் மதிப்பார்கள் என்று இன்னமும் நம்புகிறேன், பாருங்கள். வீட்டின் கீழ்த்தளத்தைச் சமையல் கூடமாக மாற்றியிருந்தார்கள். இரண்டு பெண்கள் கையுறையும் தொப்பியும் போட்டுக்கொண்டு மா உருட்டினார்கள். ஒருத்தி, ஒரு மரக் குமிழால் ஒவ்வொரு பிஸ்கட்டையும் டக் டக் என்று அமுக்கிக்கொண்டிருந்தாள். விரலால் அழுத்தியதாம்!

மேடம் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உண்மையான சந்தோஷத்தோடு எழும்பி வந்தார்.

"அட, மேரியின்ர மகனெல்லோ! நல்லா வளந்திட்டீர். ஒஃபிஸ் வேலையோ? இரும் இரும், தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

ஒத்திகை பார்த்த ஆங்கிலம் எங்கோ போய்விட்டது. "மேடம், இந்தப் பிஸ்கட் எங்கம்மாட" என்றேன்.

"ஓம், அவவும் செய்தவதான். ஆனா உது நெட்டில கிடந்த ரெசிப்பியெல்லோ? நீர்தான் எடுத்துக் குடுத்தனீர் எண்டு மேரி சொன்னவ."

அது சரிதானே. ஆனாலும், எங்கள் பிஸ்கட் என்று நிரூபிக்க என்னிடம் இருந்த ஒரே சாட்சியை வெளியே எடுத்தேன்.

"நெட்ல மிளகு இல்ல மேடம். பெருஞ்சீரகமும் இல்ல. அது என்ட பிழை. ஓல்ஸ்பைஸ்னா என்னான்னு எனக்குத் தெரியாது. எல்லாச் சரக்கும்னு அம்மாக்குச் சொல்லிட்டேன்."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஐயோ தம்பி! நான் இவ்வளவு காலமும் அது உம்மட அம்மான்ர கைப்பக்குவம் எண்டெல்லோ நினைச்சனான்!"

மரக் குமிழின் டக் டக் நின்றது. அந்த இரண்டு பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். தான் என்ன சொன்னோம் என்பது மேடத்துக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அப்ப பெட்டியில ஏன் 'எங்கள் குடும்பம்'னு போட்டிருக்கீங்க?"

"மேரியும் எங்கட குடும்பம் மாதிரித்தானே, தம்பி."

இந்த 'மாதிரி' என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ! அந்தக் குடும்பம் மாதிரி ஆளுக்கு அந்த வீட்டில் ஒரு தனிக் கோப்பை இருந்தது, விளிம்பு உடைந்தது. அது சமையலறை ஜன்னல் படியில் கவிழ்த்து வைத்திருக்கும். அம்மாவை அழைத்துப்போக வந்த நாட்களில் நானும் அதில்தான் தேத்தண்ணி குடித்தேன். ஆறு வருடத்தில் அந்தக் குடும்பம் மாதிரி ஆள் அவர்களுடைய கதிரையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. பிஸ்கட்டை உட்காரவைத்தார்கள். பெட்டிக்குள், பட்டுக் கடதாசி விரித்து.

"அப்ப அம்மாட பேரப் போடுங்க" என்றேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், மேடம் மறுக்கவில்லை. யோசித்தார். "போட்டாப் போச்சு. 'மேரியின்ர பிஸ்கட்' எண்டு. கேக்கவும் வடிவாத்தான் இருக்கு" என்று மேசையில் கிடந்த பேனையை எடுத்தார்.

"அம்மாட பேரு மேரி இல்ல மேடம்."

பேனை நின்றது.

அம்மாவின் பெயர் பிலோமினா. அம்மாவுக்கு முன்னால் அந்த வீட்டில் வேலை செய்தவர்தான் மேரி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "எனக்கு மேரி எண்டு கூப்பிட்டுப் பழகிட்டுது" என்று மேடம் சொல்லியிருக்கிறார். அம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "மாதாட பேருதானே, கூப்பிட்டுப் போகட்டும்" என்று சிரித்தார். ஆறு வருடம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார். கொப்பி நிறைய எழுதிய மேடம், அதில் ஒருநாளும் அம்மாவின் பெயரை எழுதவில்லை.

"பிலோமினா" என்று நான் மெதுவாகச் சொன்னேன், எழுதிக்கொள்ள வசதியாக.

"ஓ" என்றார் மேடம். பெட்டி மூடியைத் திருப்பிப் பார்த்தார். "நீளமாக் கிடக்கு தம்பி. உதில அடங்காது போல."

வரும்போது என் கையில் ஒரு பெட்டியைத் திணித்து, "அம்மாவுக்குக் குடும்" என்றார். அதை அவர் மேசையிலேயே அடித்து வைத்துவிட்டு வந்தேன் என்று எழுத எவ்வளவோ ஆசை. வாங்கிக்கொண்டு "தாங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கொட்டாஞ்சேனையில் இறங்கிப் பேக்கரி இருந்த வழியாக நடந்தேன். பேக்கரி இல்லை. போறணைச் செங்கல்லை லொறியில் ஏற்றிக்கொண்டு போய் வருடங்கள் ஆகிவிட்டன. கரீம் நானா மகனோடு எங்கோ தூரத்துக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் கண்ணாடி மாடி வீடுகள் உயர்ந்து நிற்கின்றன. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். "மொகத ஓனே மல்லி?" என்று காவலாளி சிங்களத்தில் கேட்டார். என்ன வேண்டும் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அம்மா பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து உடைத்தார். கடிப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. "பறங்கிக்காயப் பிழியாமப் போட்டிருக்காங்க. அதான் கேக்கு மாதிரி மெத்துனு கெடக்கு. ஒங்கப்பா தோய்ச்சிருந்தா பாதி கோப்பைக்குள்ள விழுந்திருக்கும்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குடும்பம் மாதிரி, மேரி, பெயர் நீளம், எல்லாம். அம்மா மென்றுகொண்டே கேட்டார்.

"மேடம் நல்லா இருக்காங்களா? அவங்களுக்கும் கால் வருத்தம் இருந்துச்சே."

எனக்கு இன்னும் கோபம் ஏறியது. "ஒங்களுக்குக் கோவமே வராதாம்மா?" என்று கத்திவிட்டேன்.

"வரும்" என்றார். கையில் இருந்த தூளைத் தட்டினார். "பேக்கரிக்கு வர வெக்கப்பட்டு நீ சந்தியில நிப்ப பாரு. அப்ப எனக்குக் கோவம் வரும். நாலு நாளைக்குப் போகாது."

நான் பெட்டி மூடியை அம்மாவின் பக்கம் தள்ளினேன். வெள்ளவத்தையில் கேட்டதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது.

அம்மா இப்போது பெயர் எழுதுவார். நான்தான் பழக்கினேன், மாவில் இல்லை, கொப்பியில். போன மாதம் வேளாங்கண்ணிக்குப் போவதற்காகக் கடவுச்சீட்டு எடுக்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். படிவத்தில் பிலோமினா என்று முழுதாக எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். ஆனால் அங்கே கண்ணாடி வைத்த ஒரு சிறிய இயந்திரத்துக்கு அந்தக் கையெழுத்துப் போதவில்லை, விரலும் வேண்டும் என்றது. அம்மா வைத்த பெருவிரலை இயந்திரம் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். எடுக்கவில்லை. அங்கிருந்த பெண் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ரேகை தேய்ந்துபோய்விட்டது என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பாத்திரம் தேய்த்தவர்களுக்கு, துணி துவைத்தவர்களுக்கு, அப்படித்தான் ஆகுமாம்.

பெட்டி மூடியை அம்மா தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என்னடா, வெட்டின வெங்காயமா?"

"விரல் அடையாளம்மா. ஒங்க கைநாட்டு."

அம்மா தன் பெருவிரலை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து இன்னொரு தரம் பார்த்தார்.

"பொய்டா" என்றார். "என்ட விரல்ல ஏது இவ்வளவு கோடு?"